ஆதியாகமக் குடும்பங்கள்: சனிக்கிழமை கிளாஸ்ல திரும்பத் திரும்ப வர்ற கேள்விகள்

அயனாவரத்துல எங்க வீட்டு ஹால்ல சனிக்கிழமை சாயங்காலம் 6.30க்கு ஒரு பைபிள் கிளாஸ் நடக்குது. பெருசா ஒண்ணும் இல்ல, பதினஞ்சு இருபது பேரு, கீழ் வீட்ல கேட்டு வாங்கின பிளாஸ்டிக் சேரு, இஞ்சி டீ, மழை நாளா இருந்தா பஜ்ஜி. ரெண்டு வருஷமா ஆதியாகமம் தான் ஓடுது, நடுவுல ரூத் கொஞ்சம். நான் பாஸ்டர் இல்ல, தியாலஜி படிச்சவளும் இல்ல, சண்டே ஸ்கூல்ல டீச்சரா இருந்தவ, அவ்ளோதான். புதுசா யாரு வந்தாலும் அதே சந்தேகம் தான் வருது, கிளாஸ் முடிஞ்சு செருப்பு மாட்டும்போது படிக்கட்டுல நின்னு கேக்குறாங்க, ராத்திரி 11 மணிக்கு வாய்ஸ் மெசேஜ் போடுறாங்க, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிட்டேன். கேள்விய அவங்கவங்க கேட்ட மாதிரியே விட்டுருக்கேன். தமிழ் பைபிள்ல ஆபிரகாம்ல இருந்து எல்லாருமே 'அவன்', 'அவள்' தான், நானும் அப்படியே எழுதுறேன், மரியாதை இல்லன்னு நெனச்சுக்காதீங்க.

"அக்கா, நான் பைபிள் படிச்சதே இல்ல. இந்தக் குடும்பக் கதையெல்லாம் எங்க இருக்கு, எங்க ஆரம்பிக்கிறது?"

பைபிளோட முதல் புத்தகம் ஆதியாகமம், மொத்தம் 50 அதிகாரம். முதல் 11 அதிகாரம் உலகத்தைப் பத்தி, 12ல இருந்து கடைசி வரைக்கும் ஒரே ஒரு குடும்பத்தைப் பத்தி. ஆபிரகாம், சாராள். அவங்க பையன் ஈசாக்கு, மருமக ரெபெக்காள். அவங்களுக்கு இரட்டைப் பிள்ளைங்க ஏசா, யாக்கோபு. யாக்கோபுக்கு லேயாள், ராகேல்னு ரெண்டு பொண்டாட்டி, அக்கா தங்கச்சி, அது போக ரெண்டு வேலைக்காரிங்க, நாலு பேருக்கும் சேர்த்து 12 பசங்க, தீனாள்னு ஒரு பொண்ணு. 12 பேர்ல 11வது ஆளு தான் யோசேப்பு. இத ஒரு பேப்பர்ல வரைஞ்சு வச்சுக்கோங்க, பாதி குழப்பம் போயிடும்.

25வது அதிகாரத்துல ஆரம்பிச்சா ஈசியா இருக்கும், 37 தாண்டிட்டா நீங்களே நிறுத்த மாட்டீங்க, சீரியல் தோத்துடும். பாஷை தான் முதல்ல கொஞ்சம் கடிக்கும். 1700கள்ல நம்ம வேப்பேரில இருந்துக்கிட்டு ஃபப்ரீஷியஸ்னு ஒரு ஜெர்மன் மிஷனரி பண்ணின மொழிபெயர்ப்போட சாயல் இன்னும் அதுல இருக்கு, அதனால 'மறுமனையாட்டி' (ரெண்டாந்தரமா வச்சுக்கிட்ட பொண்டாட்டி), 'சேஷ்டபுத்திரபாகம்' (மூத்த மகனோட பங்கு)னு எல்லாம் வரும். பயப்படாதீங்க, பத்து நாள்ல பழகிடும்.

"பைபிள்னா நல்லவங்க கதைன்னு நெனச்சேன். இதுல எல்லாரும் பொய் சொல்றாங்க, ஏமாத்துறாங்க. இதப் போய் பிள்ளைங்களுக்கு சொல்லணுமா?"

ஒரு விஷயத்த எழுதி வச்சிருக்குன்னா அதுவே 'நீயும் இப்படி செய்'னு அர்த்தம் ஆயிடாது. ஆபிரகாம் தன் உயிருக்குப் பயந்து பொண்டாட்டிய தங்கச்சின்னு சொன்னான், ஒரு தடவ இல்ல ரெண்டு தடவ, எகிப்துல ஒண்ணு, கேரார்ல ஒண்ணு. அப்புறம் 26வது அதிகாரத்துக்கு வந்தா அதே கேரார்ல பையன் ஈசாக்கும் அதே பொய்ய தன் பொண்டாட்டிய பத்தி சொல்றான். அப்பன் சொன்ன பொய் பையன் வாயில அப்படியே வருது. எழுதினவரு இத மறைக்கல, சாக்கும் சொல்லல.

நம்ம வீடுகள்ல தாத்தாவ பத்தி பேசும்போது 'தங்கமான மனுஷன்'னு மட்டும் சொல்லி மத்ததெல்லாம் பரண்ல போட்டுடுவோம். இந்தப் புத்தகம் அப்படிப் பண்ணல, அதனாலதான் எனக்கு இது மேல நம்பிக்கை. சின்னப் பிள்ளைங்களுக்கு எல்லாத்தையும் ஒரேயடியா சொல்ல வேணாம், 34, 38 அதிகாரமெல்லாம் காலேஜ் வயசுக்கு வரட்டும்.

"ஆபிரகாம் விசுவாசத்தின் தகப்பன்னு சொல்றீங்க. ஆகாரை கைக்குழந்தையோட துரத்தி விட்டாரே, அது என்ன விசுவாசம்?"

ஆகார் சாராளோட எகிப்து நாட்டு அடிமைப்பெண். சாராளுக்குக் குழந்தை இல்லன்னு சாராளே தான் அவள ஆபிரகாமுக்குக் குடுத்தா, ஆகார்கிட்ட யாரும் சம்மதம் கேட்டதா எழுதல. இஸ்மவேல் பொறந்தப்ப ஆபிரகாமுக்கு 86 வயசு, ஈசாக்கு பொறந்தப்ப 100. ஈசாக்கு பால் மறந்த விருந்துக்கு அப்புறம் தான் துரத்துறாங்க, அப்போ இஸ்மவேல் கைக்குழந்தை இல்ல, பதினஞ்சு வயசு தாண்டின பையன். அந்த வயசுல வீட்ட விட்டு அனுப்பினா அவனுக்கு எல்லாமே புரியும், யோசிச்சுப் பாருங்க. அப்பமும் ஒரு துருத்தி (தோல் பை) தண்ணியும், அவ்ளோ பெரிய பணக்காரன் வீட்டுல இருந்து குடுத்தது அதுதான்.

ஆபிரகாமுக்கு அது ரொம்ப மனக்கஷ்டமா இருந்துச்சுன்னு எழுதியிருக்கு, தேவன் 'சாராள் சொல்றத கேளு, அவனையும் ஒரு ஜனக்கூட்டமாக்குவேன்'னு சொன்னதுக்கு அப்புறம் தான் அனுப்பினான். அதுக்காக அந்த ஒரு துருத்தி தண்ணிய நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனா ஒண்ணு கவனிங்க, முதல் தடவ கர்ப்பமா ஓடிப்போனப்ப 'என்னைக் காண்கிற தேவன்'னு கடவுளுக்கே பேர் வச்சது இந்த அடிமைப்பெண் தான், 16வது அதிகாரம். அந்த இடத்துல இருந்த துரவுக்கு, அதாவது கிணத்துக்கு, பேர் லகாய்ரோயீ. பின்னாடி ஈசாக்கு போய் குடியிருந்தது அதே துரவு பக்கத்துல. ஆபிரகாம் 175 வயசுல செத்தப்ப ஈசாக்கும் இஸ்மவேலும் சேர்ந்து தான் அடக்கம் பண்ணினாங்க. நடுவுல அண்ணன் தம்பி ரெண்டு பேரும் பேசிக்கிட்டாங்களான்னு ஒரு வரி இல்ல.

"சொந்தப் பையனையே பலி குடுக்கப் போறது எப்படிங்க விசுவாசம்? எங்க அப்பா அப்படி செஞ்சா நான் போலீசுக்குப் போவேன்."

காலேஜ் பையன் கேட்டது, கேட்டுட்டு எல்லாரும் திட்டுவாங்கன்னு தலைய குனிஞ்சுக்கிட்டான். திட்ட ஒண்ணும் இல்ல. அந்தக் காலத்துல சுத்தி இருந்த ஜனங்க பிள்ளைங்கள சாமிக்குப் பலி குடுத்தாங்க, பைபிளே பின்னாடி உபாகமம் 12ல அத அருவருப்புன்னு சொல்லுது. 22வது அதிகாரத்துல தேவன் ஆபிரகாம்கிட்ட ஈசாக்க பலி குடுன்னு சொல்றாரு, ஆனா கத்தி இறங்கல, தடுத்துட்டாரு, ஆட்டுக்கடா மாட்டிக்கிட்டு இருந்துச்சு. 'உனக்கு எது ரொம்ப பிரியமோ அத உன்னோடதுன்னு நெனைக்காத'ங்கிறது அங்க பேச்சு, கத்தி எடுங்கன்னு இல்ல. என்கிட்ட யாராவது 'கடவுள் என் பிள்ளைய அடிக்கச் சொன்னாரு'ன்னு வந்தா நான் கதை சொல்லிட்டு இருக்க மாட்டேன், டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவேன்.

நான் அதுல பார்க்கிறது வேற ஒண்ணு. மலை ஏறும்போது 'அப்பா, நெருப்பும் கட்டையும் இருக்கு, ஆட்டுக்குட்டி எங்க?'னு ஈசாக்கு கேட்டான், 'தேவன் பாத்துக்குவாரு'ன்னு ஆபிரகாம் சொன்னான். அதுக்கப்புறம் ஆதியாகமம் முழுக்கத் தேடிப் பாருங்க, அவங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டதா ஒரு வரி கூட இல்ல. எழுதலன்னா பேசலன்னு அர்த்தம் இல்லதான். எனக்கு அது உறுத்திக்கிட்டே இருக்கும். எங்க எதிர் வீட்டு முஸ்லிம் குடும்பத்துக்கும் இந்தக் கதை தான் பக்ரீத், குர்ஆன்ல பையன் பேர் இல்ல, பெரும்பாலும் அவங்க இஸ்மாயீல்னு நம்புறாங்க. ஒவ்வொரு வருஷமும் அந்த அம்மா பிரியாணி குடுத்து அனுப்பும்போது நானும் அவங்களும் கேட்டுல நின்னு இத பத்தி அரை மணி நேரம் பேசுவோம், பிரியாணி ஆறிடும்.

"ரெபெக்காள் செஞ்சது கைகேயி செஞ்ச மாதிரி இல்ல? தனக்குப் புடிச்ச பையனுக்காக புருஷனையே ஏமாத்தினாளே."

என் ஆபீஸ் ஃப்ரெண்ட் கேட்டது, அவ சர்ச்சுக்குப் போறவ இல்ல, கதை கேக்க வருவா. நல்ல கம்பேரிசன். கைகேயி பரதனுக்கு ராஜ்யம் கேட்டா, ராமனுக்கு 14 வருஷம் காடு கிடைச்சுது. ஆனா கைகேயி வரத்த வெளிப்படையா கேட்டா, ரெபெக்காள் ஒளிச்சு செஞ்சா. கண்ணு தெரியாத ஈசாக்கு மூத்தவன் ஏசாவ ஆசீர்வதிக்கப் போறான்னு காதுல விழுந்ததும் சின்னவன் யாக்கோபுக்கு ஏசாவோட துணிய போட்டு, கையிலயும் கழுத்துலயும் வெள்ளாட்டுக்குட்டித் தோல சுத்தி அனுப்பினா. பொறக்குறதுக்கு முன்னாடியே 'மூத்தவன் இளையவனை சேவிப்பான்'னு கர்த்தர் அவகிட்ட சொல்லியிருந்தது உண்மை. அவரு சொன்னத நடத்தி முடிக்க அவருக்கு ஆட்டுத்தோல் வேணுமா என்ன?

அண்ணன் கொல்லப் பாக்குறான்னு தெரிஞ்சதும் 'சில நாள்' எங்க அண்ணன் லாபான் வீட்ல போய் இருன்னு பிள்ளைய அனுப்பினா. சில நாள் 20 வருஷமாச்சு. அவ யாக்கோபை மறுபடியும் பார்த்ததா எங்கயும் எழுதல. அவளோட தாதி தெபொராள் செத்தது கூட 35வது அதிகாரத்துல இருக்கு, ரெபெக்காள் எப்போ செத்தான்னு இல்ல. வெளிநாட்டுல பிள்ளைங்க இருக்கிற அம்மாமார் ரெண்டு பேரு எங்க கிளாஸ்ல இருக்காங்க, இந்த இடத்துல அவங்க ரெண்டு பேரும் டீ கிளாஸையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

"எனக்கு ரெண்டு பிள்ளையும் ஒண்ணு தான். ஆனா பெரியவன் 'தம்பி தான் உனக்குச் செல்லம்'ங்கிறான். நான் என்ன பண்றது?"

முதல்ல அவன் சொல்றத நம்புங்க. 'அப்படியெல்லாம் இல்லடா'ன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு நாள் எண்ணிப் பாருங்க, யாருக்கு முதல்ல சோறு போடுறீங்க, யாரத் திட்டும்போது குரல் ஏறுது. 25:28ல ஒரே வரி, ஈசாக்குக்கு ஏசா கொண்டு வர்ற வேட்டைக்கறி புடிக்கும் அதனால அவன் மேல பிரியம், ரெபெக்காளுக்கு யாக்கோபு மேல பிரியம். கறிக்காகப் பிள்ளை மேல பிரியம்! சிரிப்பு வருது, ஆனா ரிசல்ட் நல்லா கொண்டு வர்ற பிள்ளை மேல நமக்கு வர்றதும் அதுதானே.

அந்தப் பாரபட்சத்துல அடிபட்ட யாக்கோபு, அப்பனானதும் யோசேப்புக்கு மட்டும் பலவருண அங்கி தைச்சுக் குடுத்தான். அண்ணன்மார் யோசேப்ப வித்துட்டு அந்த அங்கிய வெள்ளாட்டு ரத்தத்துல தோய்ச்சு அப்பன்கிட்ட காட்டினாங்க. வெள்ளாட்டுத் தோலும் அண்ணன் துணியும் வச்சு அப்பன ஏமாத்தினவன, வெள்ளாட்டு ரத்தமும் தம்பி துணியும் வச்சு பிள்ளைங்க ஏமாத்தினாங்க. இதோட முடியல. யோசேப்பு பெரிய ஆளானதும் விருந்துல பென்யமீனுக்கு மட்டும் அஞ்சு மடங்கு பரிமாறச் சொல்றான். யாக்கோபு சாகுற நேரத்துல பேரன்கள ஆசீர்வதிக்கும்போது கூட கைய குறுக்க வச்சு சின்னவன முன்னாடி கொண்டு வர்றான். கண்ணு போன வயசுலயும் அந்தப் பழக்கம் போகல. உங்க பெரியவன் வாயத் தொறந்து சொல்லிட்டானே, அதுவே பெரிய விஷயம், ஏசாவும் சொன்னான், ஆனா அழுதுக்கிட்டே, எல்லாம் முடிஞ்சதுக்கு அப்புறம்.

"ஒரு கிண்ணம் கூழுக்கு யாராவது சொத்த விப்பாங்களா? அதுவும் மூத்தவன் பங்க?"

பசில வந்த ஏசா வித்தான், யாக்கோபு சமைச்ச பயற்றங்கூழுக்கு. பசிச்சவன்கிட்ட விலை பேசின தம்பியையும் சேர்த்துப் பேசுங்க, ஏன் எல்லா பிரசங்கத்துலயும் ஏசாவுக்கு மட்டும் அடி விழுதுன்னு எனக்குப் புரியல. அந்தக் காலத்துல மூத்த மகனுக்கு ரெண்டு பங்கு, உபாகமம் 21:17. அதுக்கு மேல உள்ள வரிய படிச்சீங்கன்னா ரெண்டு பொண்டாட்டிக்காரன் தனக்குப் புடிச்சவளோட பிள்ளைக்காக புடிக்காதவளோட மூத்த பிள்ளைய ஒதுக்கக் கூடாதுன்னு இருக்கும், யாக்கோபு வீட்டப் பார்த்தே எழுதின மாதிரி.

இத வச்சு 'பைபிள்ல மூத்தவனுக்கு ரெண்டு பங்கு இருக்கு'ன்னு கொளத்தூர் மனைக்கு சண்டை போட்ட ஒரு குடும்பம் எனக்குத் தெரியும். அதெல்லாம் இங்க செல்லாது. நம்ம ஊர்ல கிறிஸ்தவங்களுக்கு 1925ம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம், உயில் எழுதாம போனா மனைவிக்கு 3ல 1 பங்கு, மீதி 3ல 2 பங்கு பிள்ளைங்களுக்கு சமமா, மகனா மகளா மூத்ததா இளையதான்னு பாக்காது. ஒழுங்கா உயில் எழுதி வச்சுட்டுப் போங்க.

"லேயாளுக்கு கண்ணு சரியில்லன்னு ஏன் எழுதி வச்சிருக்காங்க? புடிக்காத பொண்டாட்டியா வாழ்றத பத்தி பைபிள் என்ன சொல்லுது?"

தமிழ் பைபிள்ல 'கூச்சப்பார்வை'ன்னு இருக்கு, எபிரெய வார்த்தைக்கு மென்மையானன்னும் அர்த்தம் வருமாம், அதனால அசிங்கமா இருந்தான்னு முடிவு கட்டாதீங்க. ராகேலுக்காக யாக்கோபு 7 வருஷம் வேலை செஞ்சான், மாமனார் லாபான் ராத்திரில லேயாள அனுப்பிட்டான், ஒரு வாரம் கழிச்சு ராகேல், அதுக்கு இன்னொரு 7 வருஷம். ஏமாத்தினது அப்பன், ஏமாந்தது யாக்கோபு, வாழ்க்கை முழுக்க அதுக்கு விலை குடுத்தது லேயாள்.

பிள்ளைங்களுக்கு அவ வச்ச பேர பாருங்க, டைரி மாதிரி இருக்கும். ரூபன் பொறந்ததும் 'இனி புருஷன் என்னை நேசிப்பான்'. சிமியோன், 'நான் வெறுக்கப்பட்டத கர்த்தர் கேட்டாரு'. லேவி, 'இந்தத் தடவையாவது என்னோட சேர்ந்திருப்பான்'. நாலாவது யூதா, அதுல புருஷன் பேச்சே இல்ல, 'கர்த்தரைத் துதிப்பேன்'. பிரசங்கத்துல எல்லாம் இங்கயே நிறுத்தி 'பாத்தீங்களா, லேயாள் மனசு மாறிட்டா'ன்னு முடிச்சுடுவாங்க. அடுத்த அதிகாரம் படிங்க. ஆறாவது பையன் செபுலோன் பொறந்ததும் 'இப்பவாவது புருஷன் என்கூட வாசம் பண்ணுவான்'னு பழையபடி சொல்றா. எனக்கு அந்த வரி ரொம்பப் பிடிக்கும், ஏன்னா துதிச்சதும் உண்மை, மறுபடியும் ஏங்கினதும் உண்மை. நல்லா ஜெபம் பண்ணிட்டு வந்து ராத்திரி அழுத எந்தப் பொம்பளையும் தன்னை வேஷக்காரின்னு நெனைக்க வேணாம்.

"'யோசேப்பு மன்னிச்சான்ல, நீயும் மன்னிச்சு விட்டுடு'ன்னு மாமியார் சொல்றாங்க. உடனே மன்னிக்கலன்னா நான் கெட்டவளா?"

இந்தக் கேள்விக்குத் தான் இந்தப் பக்கமே எழுத ஆரம்பிச்சேன். கணக்குப் பாப்போம். யோசேப்புக்கு 17 வயசு இருக்கும்போது கதை ஆரம்பிக்குது, 20 வெள்ளிக்காசுக்கு வித்தாங்க. எகிப்து ராஜா பார்வோன் முன்னாடி நின்னு பெரிய அதிகாரி ஆனப்ப 30. அப்புறம் 7 வருஷம் நல்ல விளைச்சல், பஞ்சம் ஆரம்பிச்சு ரெண்டாவது வருஷத்துல தான் 'நான் யோசேப்பு'ன்னு அண்ணன்மார்கிட்ட சொன்னான். ஏறத்தாழ 22 வருஷம்ங்க. உங்க மாமியார் ரெண்டு வாரம் டைம் குடுத்திருக்காங்க.

அந்த 22 வருஷத்துக்கு அப்புறமும் அவன் உடனே கட்டிப்புடிக்கல. பஞ்சத்துக்கு தானியம் வாங்க அண்ணன்மார் முதல் தடவ வந்தப்ப தெரியாதவன் மாதிரி கடுமையா பேசினான், சிமியோன புடிச்சு வச்சான், தம்பிய கூட்டிட்டு வாங்கன்னான், ரெண்டாவது தடவ பென்யமீன் சாக்குல தன் வெள்ளிக் கோப்பைய வைக்கச் சொன்னான். பழிவாங்கினான்னும் சொல்லலாம், சோதிச்சான்னும் சொல்லலாம், எனக்கு ரெண்டும் கலந்து இருக்கிற மாதிரி தான் தெரியுது. அன்னைக்கு என்னை வித்த மாதிரி இன்னைக்கு என் தம்பிய விட்டுட்டு ஓடிடுவாங்களான்னு பார்த்தான்.

ஓடல. யூதா முன்னாடி வந்தான், அன்னைக்கு 'வித்துடலாம்'னு ஐடியா குடுத்த அதே யூதா. 44வது அதிகாரத்துல அவன் பேச்சு முழுசா இருக்கு. அதுல அப்பா சொன்னத அப்படியே சொல்றான், 'என் மனைவி எனக்கு ரெண்டு பிள்ளைகளப் பெத்தா'ன்னு. அந்த மனைவி ராகேல். இத சொல்லிக்கிட்டு நிக்கிறவன் லேயாளோட பையன், அப்பா கணக்குல அவன் அம்மா மனைவியே இல்ல. அத வாயால சொல்லிட்டு, 'அந்தப் பையனுக்குப் பதிலா என்னை அடிமையா வச்சுக்கோங்க, அவன விட்டா எங்கப்பா செத்துடுவாரு'ங்கிறான். அதுக்கப்புறம் தான் யோசேப்பால அடக்க முடியாம எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு அழுதான். இனிமே யாராவது உங்ககிட்ட யோசேப்பு கதைய ஆரம்பிச்சா 'சரி, யூதா எங்க?'னு கேளுங்க.

"எல்லாம் சரி, யோசேப்பு பெரிய அதிகாரியா இருந்தானே, அப்பாவுக்கு ஒரு ஆள் அனுப்பி 'உயிரோட இருக்கேன்'னு சொல்லியிருக்கலாமே?"

நியாயமான கோபம். அடிமையா, ஜெயில்ல இருந்த வருஷங்கள விட்டுடுவோம், அதிகாரத்துக்கு வந்ததுக்கு அப்புறம் மேல சொன்ன கணக்குப்படி சுமார் 9 வருஷம் இருந்துச்சு. அனுப்பல. ஏன்னு பைபிள் சொல்லல. மூத்த பிள்ளைக்கு மனாசேன்னு பேர் வச்சான், 'என் வருத்தத்தையும் தகப்பன் வீட்டையும் தேவன் மறக்கப் பண்ணினாரு'ன்னு அர்த்தம். மறந்தவன் எதுக்கு அத பேரா வச்சு தினமும் கூப்பிடுறான்?

என் யூகம் சொல்றேன், யூகம் தான். 'அண்ணன்மார பாத்துட்டு வா'ன்னு அவன அனுப்பினதே அப்பா. அப்பாவுக்கும் இதுல பங்கு இருக்கோன்னு அந்தப் பையன் ஒரு நாளாவது நெனச்சிருக்க மாட்டானா? அண்ணன்மாருகிட்ட 'நான் யோசேப்பு'ன்னு சொன்னதும் முதல்ல கேட்டது 'என் தகப்பனார் இன்னும் உயிரோட இருக்காரா'ன்னு தான்.

"மன்னிச்சுட்டா திரும்ப ஒரே வீட்ல இருந்தே ஆகணுமா?"

33வது அதிகாரம் படிங்க. 20 வருஷம் கழிச்சு யாக்கோபு ஊருக்குத் திரும்பி வர்றான், ஏசா 400 பேரோட எதிர்ல வர்றான். யாக்கோபு முன்னாடியே வெள்ளாடு, செம்மறி, ஒட்டகம், மாடு, கழுதைன்னு 550க்கு மேல அனுப்பிட்டான், 7 தடவ தரையில விழுந்தான். ஏசா ஓடி வந்து கட்டிப்புடிச்சு முத்தம் குடுத்தான், ரெண்டு பேரும் அழுதாங்க. அடுத்து ஏசா 'வா, சேர்ந்து போலாம்'ங்கிறான். யாக்கோபு, 'பிள்ளைங்க சின்னதுங்க, ஆடு மாடு குட்டி போட்டிருக்கு, நீங்க முன்னாடி போங்க, நான் மெதுவா சேயீருக்கு வந்துடுறேன்'னான், சேயீர் ஏசா இருந்த இடம். போனது சுக்கோத்துக்கு, அங்க வீடே கட்டிட்டான். கல்யாண வீட்ல சந்திச்ச சொந்தக்காரங்ககிட்ட 'கண்டிப்பா வீட்டுக்கு வர்றோம்'னு சொல்லிட்டு போகாம இருக்கிறோமே, அதே தான்.

பொய் சொன்னது நல்லதுன்னு சொல்லல. ஆனா தள்ளி இருந்ததால சண்டை திரும்ப வரல, ஈசாக்கு 180 வயசுல செத்தப்ப ரெண்டு பேரும் சேர்ந்து அடக்கம் பண்ணினாங்க. அடி உதை நடக்கிற வீடா இருந்தா இந்தப் பேச்சே வேற, அங்க மன்னிப்பு பத்தி யோசிக்கிறதுக்கு முன்னாடி வெளிய வாங்க, 181க்குப் போன் பண்ணுங்க, பெண்களுக்கான உதவி எண், எந்த நேரமும் எடுப்பாங்க.

"எங்க மாமியார் 'ரூத் மாதிரி மருமக வரணும்னு ஜெபிச்சேன்'னு எல்லார் முன்னாடியும் சொல்றாங்க. நான் என்ன பதில் சொல்ல?"

சிரிச்சுட்டு 'நகோமி முதல் அதிகாரத்துல என்ன செஞ்சாங்கன்னு படிப்போமா அத்தை'ன்னு கேளுங்க. ரூத் பைபிள்ல தனிப் புத்தகம், மொத்தமே 4 அதிகாரம், நகோமி தான் ரூத்தோட மாமியார். புருஷனையும் ரெண்டு பிள்ளையையும் மோவாப் தேசத்துல பறிகொடுத்த நகோமி, ரெண்டு மருமகளையும் கூப்பிட்டு 'உங்க அம்மா வீட்டுக்குப் போங்க, வேற கல்யாணம் பண்ணிக்கோங்க'ன்னு முத்தம் குடுத்து அனுப்புறாங்க. ஓர்பாள் அழுதுட்டுப் போயிட்டா, பைபிள் அவள ஒரு வார்த்தை திட்டல. ரூத் தானா இருந்தா. 'உன் ஜனம் என் ஜனம், உன் தேவன் என் தேவன்'னு கல்யாண கார்டுல போடுறோமே, அது மருமக மாமியார்கிட்ட சொன்னது, பொண்ணு மாப்பிள்ளை கிட்ட சொன்னது இல்ல.

பெத்லகேமுக்கு வந்து சேர்ந்ததும் நகோமி ஊர்ப் பொம்பளைங்ககிட்ட 'நிறைஞ்சு போனேன், வெறுமையா வந்தேன்'னு சொல்றாங்க, ரூத் பக்கத்துலயே நிக்கிறா. அந்த வார்த்தையக் கேட்டுட்டும் வயலுக்குப் போய் கதிர் பொறுக்கினா. கடைசியில மருமகளுக்கு மறு கல்யாணம் ஏற்பாடு பண்ணினதும் நகோமி தான். எத்தனை மாமியார் அத செய்வாங்கன்னு நீங்களே சொல்லுங்க.

"தாயையும் தகப்பனையும் கனம்பண்ணுன்னு இருக்கே. நாங்க தனிக்குடித்தனம் போனா அது பாவமா?"

அதே பைபிள்ல ஆதியாகமம் 2:24ல 'புருஷன் தன் தகப்பனையும் தாயையும் விட்டு மனைவியோட இசைந்திருப்பான்'னும் இருக்கு, விட்டுட்டுப் போறது பையன், கவனிங்க. கனம்பண்றதுன்னா சொன்னதுக்கெல்லாம் தலையாட்டுறது இல்ல. மாற்கு 7ல இயேசு இந்தக் கட்டளைய எடுத்துப் பேசும்போது, 'இது கொர்பான், கோயிலுக்கு நேர்ந்துட்டேன்'னு சாக்கு சொல்லி அப்பா அம்மாவுக்கு செய்ய வேண்டியத செய்யாதவங்களத் தான் கண்டிக்கிறாரு. மாத்திரை, சோறு, ஆஸ்பத்திரி, வாடகை, அதுதான் அங்க பேச்சு.

நாங்க ஓட்டேரில கூட்டுக்குடும்பமா இருந்து ரெண்டு தெரு தள்ளி தனியா வந்தவங்க தான். வந்ததுக்கு அப்புறம் தான் என் மாமியார் என்கிட்ட மனசு விட்டுப் பேசினாங்க, தினமும் சாயங்காலம் குழம்பு தூக்குவாளியோட வருவாங்க.

"விசுவாசம் இருந்தா குடும்பம் நல்லா இருக்கும்னு தானே சொல்றாங்க? எங்க வீட்ல விசுவாசம் இருக்கு, நிம்மதி இல்ல. எங்க தப்பு?"

தப்பு எங்கன்னு எனக்குத் தெரியாது, உங்க வீட்ட நான் பார்த்ததில்ல. ஆனா அந்தக் கணக்கு ஆதியாகமத்துல ஒர்க் அவுட் ஆகல. யாக்கோபு கடவுளோட ராத்திரி முழுக்கப் போராடி ஆசீர்வாதம் வாங்கினவன், தொடைச்சந்து சுளுக்கி நொண்டிக்கிட்டுத் தான் போனான். அந்த ஆளு 130 வயசுல பார்வோன் முன்னாடி நின்னு 'என் நாட்கள் கொஞ்சமும் சஞ்சலமுமா இருந்துச்சு'ன்னு சொல்றான், சாட்சி சொல்ற மாதிரி மைக் புடிச்சு 'எல்லாம் நன்மையா முடிஞ்சது'ன்னு சொல்லல. இத்தனைக்கும் செத்துட்டான்னு நெனச்ச பையன் பக்கத்துலயே உயிரோட நிக்கிறான்.

லேயாள் பத்தி மேல சொன்னது இங்கயும் பொருந்தும், அத ஒரு தடவ திரும்பப் படிங்க.

"ராகேலுக்காக 14 வருஷம் உழைச்சவன், கடைசியில லேயாள் பக்கத்துல புதைக்கச் சொன்னானாமே? அப்போ அவனுக்கு லேயாள் தான் புடிச்சதா?"

49வது அதிகாரம் கடைசில இருக்கு. ராகேல் பென்யமீன பெத்துட்டு எப்பிராத்தா போற வழியிலயே செத்துட்டா, அங்கயே ரோட்டோரமா அடக்கம் பண்ணினாங்க. ஆபிரகாம் 400 சேக்கல் வெள்ளி குடுத்து வாங்கின மக்பேலா குகையில ஆபிரகாம், சாராள், ஈசாக்கு, ரெபெக்காள் எல்லாரும் இருக்காங்க. யாக்கோபு எகிப்துல சாகும்போது என்னையும் அங்க கொண்டு போங்கன்னு சத்தியம் வாங்கிட்டு, 'லேயாளையும் அங்க அடக்கம் பண்ணினேன்'னு சேர்த்து சொல்றான். பிரியம்னு எழுதல. குடும்பக் கல்லறை, அதனால அங்க. அதுக்கு மேல நான் ஏத்தி சொன்னா அது என் கதை ஆயிடும்.

இத நான் சொல்லி முடிச்சதும் எங்க கிளாஸ்லயே வயசான அம்மா, எழுபது தாண்டினவங்க, அதுவரைக்கும் வாயே தொறக்காதவங்க, மூக்குக் கண்ணாடியக் கழட்டி முந்தானையில துடைச்சுக்கிட்டே 'செத்தப்புறம் பக்கத்துல படுத்து என்ன பிரயோஜனம்டி, அவளுக்கு அது தெரியவா போகுது'ன்னாங்க. ரெண்டு பேர் சிரிச்சாங்க, மத்தவங்க சிரிக்கல. அன்னைக்கு கிளாஸ் முடிய 9 மணி ஆயிடுச்சு.